அட்சதை விழுந்த கார்ப்பெட்

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. அண்ணனுக்குக் காது மந்தம். கார்ப்பெட் செய்யும் ஊசி மெஷினுக்குப் பக்கத்திலேயே வாலிபம் முழுவதையும் கழித்தவன் அவன். ஆயிரக்கணக்கான ஊசிகள் ஒரே மூச்சில் பஞ்சுப் படுகைக்குள் குத்தி எழும். அந்தச் சத்தத்தைப் பத்து நிமிஷம் கேட்டாலே எனக்குப் பல் கூசும். காதை மூடிக்கொள் என்று அந்த நாளில் அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான், அது வேறு விஷயம். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாயைத் தொறக்காம பேசுறீங்க" என்பான். அதனால் மயிலாப்பூரில் எங்கள் தெருவில், காபிக்குச் சர்க்கரை போதுமா என்று நான் விசாரிப்பதுகூட நாலு வீட்டுக்குச் சண்டையாகத்தான் கேட்கும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன், அண்ணி, நான், மூன்று பேருக்கும் ஒரே வீடு. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அண்ணனின் கம்பெனியில் போய் உட்கார்ந்தேன். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு டீச்சராவது நர்சாவது இருப்பார்கள். கார்ப்பெட் வியாபாரத்தில் இறங்கியவன் என் அண்ணன் ஒருவன்தான். கிண்டிப் பக்கம் ஒரு ஷெட், தி.நகரில் மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். கல்யாண மண்டபங்களில் வாசலிலிருந்து மேடை வரை விரிக்கிறார்களே, அந்தச் சிவப்புக் கார்ப்பெட்தான் எங்கள் சரக்கு. பழைய தண்ணீர் பாட்டிலை உருக்கி எடுத்த நாரை வாங்கி, ஊசியால் குத்திக் குத்தி விரிப்பாக்குவோம். ஓரத்தில் ஒரு மஞ்சள் நூல் ஓடும். அது அண்ணனின் ஏற்பாடு. எந்த மண்டபத்தில் நுழைந்தாலும் முதலில் குனிந்து ஓரத்தைப் பார்ப்பான், அப்புறம்தான் மாப்பிள்ளை யார் என்று கேட்பான்.

அவனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்வேன். சொல்லக் கூடாததை அவன் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பேன். "பெரிய ஜமீன்தாரு", "உங்கிட்ட பேசுறதுக்குச் சுவத்துகிட்ட பேசலாம்", இந்த மாதிரி. அண்ணிக்கு எல்லாம் கேட்கும். அடுப்படியில் நின்று தோள் குலுங்கச் சிரிப்பார். சில சமயம் உண்மையான மனக்குறைகளும் அந்த முணுமுணுப்பில் கலந்து வந்துவிடும். அப்போது அண்ணி சிரிக்க மாட்டார்.

கிழிக்கும் மெஷின் எங்கள் ஷெட்டுக்குள் வந்ததற்கு அடையாறு பாலம்தான் காரணம். ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், பஸ்ஸில் போகும்போது பாலத்துத் தூணில் ஏதோ சிவப்பாகச் சுற்றிக் கிடந்தது கண்ணில் பட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்து எட்டிப் பார்த்தேன். கார்ப்பெட். ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அதில் வந்து சிக்கி, பெரிய மூட்டையாக நின்றது. ஓரத்தில் மஞ்சள் நூல் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீரில் ஊறியும் சாயம் போகவில்லை. அண்ணனின் தரம் அப்படி. எனக்கு முகம் சுட்டது. பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர், "எவன் இதைக் கொண்டாந்து போட்டானோ" என்று திட்டினார். நான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.

அன்று சாயந்திரம் அண்ணனிடம் கத்தினேன். "நாம செய்யறது மூணு கல்யாணம்கூடத் தாங்கறதில்ல. கறை பட்டதும் தூக்கிப் போட்டுடறாங்க. வித்ததோட நம்ம வேலை முடிஞ்சுதா?"

"புடவைக் கடைக்காரன் கிழிஞ்ச புடவையைத் தேடிக்கிட்டுப் போறானா?" என்று அவனும் கத்தினான்.

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பிறகு ஒரு பெரிய ஹோட்டலில் சுழற்சிப் பொருளாதாரம் பற்றிக் கார்ப்பெட் தயாரிப்பாளர்களுக்குக் கருத்தரங்கு என்று அழைப்பு வந்தது. போனேன். திரையில் ஒரு வட்டம், அதைச் சுற்றி அம்புக்குறிகள். செய்தவனே திரும்ப வாங்க வேண்டும், பிரித்தெடுக்கிற மாதிரியே செய்ய வேண்டும், கழிவிலிருந்து அடுத்த பொருள் பிறக்க வேண்டும். எல்லாம் நியாயமான பேச்சு. குறிப்பெடுத்துக்கொண்டு வெளியே வந்தால், அரங்க வாசலில் அன்றைக்கென்று விரித்த புத்தம்புது கார்ப்பெட்டைச் சுருட்டிக் குப்பை வண்டிப் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தைக் குனிந்து பார்த்தேன். நம்முடையதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திருப்பூர்ப் பக்கம் பனியன் துணிக் கழிவைக் கிழித்துப் பஞ்சாக்கும் மெஷின்கள் உண்டு. அதில் பழையது ஒன்றைப் பிடித்து வந்தோம். பழைய கார்ப்பெட்டை அதன் வாயில் கொடுத்தால் நாராகக் கிழித்துத் தள்ளும். அந்த நாரை நம் ஊசி மெஷினிலேயே மறுபடி குத்தினால், தடித்த ஃபெல்ட் விரிப்பாக வரும். இதைச் சாதிக்க நான் அண்ணனோடு எத்தனை நாள் கத்தினேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

வெள்ளோட்டத்துக்கு எங்கள் கோயில் கார்ப்பெட்டையே எடுத்தேன். திருவிழாவுக்காக நடுப்பாதை விரிப்பை மாற்றினார்கள். பழையதைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். சில இடங்களில் மெழுகு சொட்டியிருந்தது, அவ்வளவுதான். மெஷின் அதை அல்வா மாதிரி விழுங்கியது. செங்கல் நிறத்தில் ஃபெல்ட் வெளியே வந்தபோது அதில் லேசாகச் சாம்பிராணி வாசனை அடித்தது. நான் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அண்ணன் விரலால் நிமிண்டிவிட்டு, "மெத்தைக்கு அடியில போடலாம்" என்றான்.

ஐப்பசியில் முகூர்த்தங்கள் தொடங்கின. மயிலாப்பூர் மண்டபம் ஒன்றிலிருந்து முதல் லோடு வந்தது. மெஷினை ஓட்டுகிறவர் சைதாப்பேட்டைக்காரர், நல்ல வாயாடி. அரை மணி நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாக்கா இது, மெஷின் வாய்ல அரிசி கீது. உலை வெச்சா சோறு ஆக்கிடலாம்."

போய்ப் பார்த்தேன். மஞ்சள் அரிசி. தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. உருளையில் மல்லிகைச் சரத்து நார் சுற்றிச் சுற்றி முறுக்கேறியிருந்தது. சேஃப்டி பின்களும் கொண்டை ஊசிகளும் மெஷினின் பல்லை உடைத்திருந்தன. பிரிக்காத சுருள்களில் வண்டு வைக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் பார்த்தால் எலி.

அட்சதை. எத்தனை கல்யாணங்களில் நானே ஒரு பிடி வாங்கி, கெட்டிமேளம் கொட்டியதும் வீசியிருக்கிறேன். வீசியது எங்கே போகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்கள் கோயிலில் பூவிதழைத் தூவுவோம். அடுத்த பூசைக்கு முன் உபதேசியார் பெருக்கிவிடுவார். அந்தச் சுத்தமான கார்ப்பெட்டை வைத்துப் பரீட்சை நடத்தி, ஊர்க் கல்யாணம் முழுவதையும் பாஸ் போட்டுவிட்டேன். டீச்சராக இருந்தவள் செய்கிற காரியமா இது?

அண்ணன் உடைந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். "மார்கழி பொறக்கறதுக்குள்ள உன் ஃபெல்ட்டுக்கு நிலையா ஒரு ஆர்டர் வரணும். வரலைன்னா மெஷினை வித்துடறேன். இந்த மூலையை வாடகைக்குக் கூரியர்காரன் ரொம்ப நாளா கேக்குறான்." மார்கழியில் கல்யாணம் கிடையாது, கார்ப்பெட்டும் வராது. கெடு நியாயமானதுதான். அவன் சத்தமில்லாமல் சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் பயந்துபோனேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தனுப்பினார்கள். ஆபீஸில் சேர்வதற்கு முன்பு, அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பகல்களைத் தள்ளிய சில மாதங்கள் உண்டு. தி.நகர் ஆபீஸில் டெலிபோன் எடுக்க நான் தேவையில்லை, அண்ணியே போதும். இந்த மெஷின் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அது போய்விட்டால் மறுபடி கடிகாரம்தான்.

அந்த வாரமே, கூட வேலை பார்த்த டீச்சரின் மகள் கல்யாணம் வந்தது. எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்த்தார்கள். நான் அரிசி பறப்பதைப் பார்த்தேன். நாற்காலியை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசுகிறார்கள். மணமக்கள் தலையில் விழுவது பக்கத்தில் நிற்கிற அத்தை மாமாக்கள் போடுவது மட்டும். மற்றதெல்லாம் முன்வரிசைக்காரர்கள் தலையில் விழுந்து, அங்கிருந்து உதிர்ந்து, வாசலிலிருந்து மேடை வரைக்கும் கார்ப்பெட்டில் இறங்குகிறது. அடுத்த கல்யாணக்காரர்கள் வந்து நிற்பதற்குள் அலங்காரப் பையன்கள் அதை அப்படியே உள்பக்கமாகச் சுருட்டிவிடுகிறார்கள். பொட்டலம் கட்டுவது போலத்தான்.

மண்டப மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். மாட வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் விபூதி, காதில் எப்போதும் போன்.

"அட்சதை போடாதேள்னு நான் சொல்ல முடியுமா மேடம்? அப்புறம் என் மண்டபத்துக்கு யார் வருவா?"

"போட வேண்டாம்னு நான் சொல்லலை சார். சுருட்டறதுக்கு முன்னாடி உதறிட்டுச் சுருட்டணும்."

"எங்கே உதறறது? வாசல்ல கொட்டினா போறவா வரவா எல்லாம் மிதிப்பா. அட்சதையை மிதிக்கப்படாது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "காலைலேருந்து உள்ளே மிதிச்சிண்டுதானே இருக்கா" என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். அதை மேஜையில் வைத்துவிட்டு, "அதுவும் வாஸ்தவம்தான்" என்றார். "மொட்டை மாடிக்குக் கொண்டு போங்கோ. கைப்பிடிச் சுவர்ல போட்டு உதறினா புறா தின்னுட்டுப் போறது. யார் கால்லயும் படாது."

அப்படித்தான் ஆயிற்று. அலங்காரப் பையன்கள் முதலில் முறைத்தார்கள். மண்டப நீளத்துக்கு ஒரே துண்டாக இருக்கும் சுருளை மூன்று மாடி தூக்கிக்கொண்டு போ என்றால் யார்தான் முறைக்க மாட்டார்கள்? ஆகவே கார்ப்பெட்டையே மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேர் தூக்குகிற அளவுக்குத் துண்டு போட்டு, விரிக்கும்போது அடியில் பட்டை வைத்துச் சேர்க்கலாம் என்றேன். கறை பட்ட துண்டை மட்டும் மாற்றினால் போதும், மற்றது இன்னும் பத்துக் கல்யாணம் பார்க்கும். "ஒட்டுப் போட்ட கார்ப்பெட்டா, என் கம்பெனிலயா?" என்று அண்ணன் குதித்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஷெட்டில் முழங்காலிட்டு, சேரும் இடம் கண்ணுக்கே தெரியாதபடி விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு துண்டுக்கும் மஞ்சள் நூல் வைத்திருந்தான். எங்கள் குடும்பத்தில் சம்மதம் என்பது இந்த ரூபத்தில்தான் வரும்.

கார்த்திகை மழை சும்மா விடவில்லை. ஒரு லோடு மாடியிலேயே நனைந்து, நாற்றம் பிடித்து வீணானது. ஆனாலும் வெயில் கிடைத்த நாட்களில், சுவரில் சிவப்பாகத் தொங்கியவற்றைச் சுற்றிக் கோபுரத்துப் புறாக்களெல்லாம் வந்து இறங்கும். மேனேஜர் மாடியேறி வந்து கைகட்டிக்கொண்டு பார்ப்பார்.

அரிசி போயிற்று, சேஃப்டி பின் போகவில்லை. அதற்குக் காந்தம் வேண்டும். நார் விழும் வழியில் பெரிய காந்தமாக வைத்தால் பிடித்துக்கொள்ளும். பழைய தியேட்டர் ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருக்கும் என்று தெரியும். அதைத் தேடிக் கோடம்பாக்கம் போனேன். விசாரித்து விசாரித்து, ஒரு சின்ன டப்பிங் ஸ்டூடியோவின் பின்கட்டில் கேட்பாரற்றுக் கிடந்த ஸ்பீக்கர்களிடம் வந்து சேர்ந்தேன். ஸ்டூடியோக்காரர் முப்பது வயசுக்காரர். வீட்டில் உருது, வேலையில் தமிழ். மூன்று தலைமுறையாகச் சினிமாவுக்குச் சத்தம் பிடிக்கிற குடும்பம். காந்தத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "எதுக்கு ஆன்ட்டி இது?" என்றார். சொன்னேன். அவர் தன் குறையைச் சொன்னார். உள்ளே ஒரு அறையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நடுவில் நின்று கையைத் தட்டினார். தட்டிய சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"கண்ணாடிப் பஞ்சு வெச்சா உடம்பெல்லாம் அரிக்குதுன்னு பேச வர்றவங்க ஓடுறாங்க. ஸ்பாஞ்ச் ரெண்டு மழைல உதிர்ந்துடுது."

என் பையில் எப்போதும் ஒரு ஃபெல்ட் துண்டு இருக்கும், பேத்தியின் படத்தைக் காட்டுகிற பாட்டி மாதிரி நான் எல்லோரிடமும் அதை நீட்டுவேன். அவரிடமும் நீட்டினேன். அதைச் சுவரில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் விரல் சொடுக்கினார். இன்னொரு தடவை சொடுக்கினார். "இந்த ஒரு ரூமுக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றார். "நல்லா வந்தா மத்த ரூமுக்கும் இதுதான். என் ஃப்ரெண்ட்ஸ் நாலஞ்சு பேரு ஸ்டூடியோ வெச்சிருக்காங்க, அவங்களுக்கும் சொல்றேன்." தீப்பிடிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார். அதற்கான மருந்துக் கரைசலில் முக்கிக் காயவைத்தோம். எனக்கு அது லேப் வேலை மாதிரி.

கார்த்திகையின் கடைசி வாரம் அறை தயாரானது. நானும் வருகிறேன் என்று அண்ணன் கிளம்பினான். ஆர்டர் வருமா என்று பார்க்கவா, வராது என்று பார்க்கவா, எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் கூரியர்காரனைப் பற்றியே கத்திக்கொண்டு வந்தான். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அறையில் நாலு சுவருக்கும் எங்கள் ஃபெல்ட், மேலே சாம்பல் துணி. துணி வேலை இன்னும் முடியாத ஒரு மூலையில் மட்டும் செங்கல் நிறம் தெரிந்தது. அதற்குள் எத்தனை வீட்டுக் கல்யாணங்கள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேளம், நாதஸ்வரம், சாப்பிட்டாச்சா என்கிற கேள்வி, அத்தனை இரைச்சலையும் காலடியில் வாங்கிய கார்ப்பெட். ஸ்டூடியோக்காரர் மைக் எடுத்துவரப் போனார். கனத்த கதவு அவர் பின்னால் மூடிக்கொண்டது. தெருவும் மழையும் சட்டென்று இல்லாமல் போயின.

அண்ணன் எனக்கு முதுகு காட்டி நின்று, அந்த மூலையில் விரலால் ஃபெல்ட்டை நிமிண்டினான். அந்த நிமிண்டலைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. மெத்தைக்கு அடியில் போடலாம் என்று மறுபடி சொல்லப் போகிறான். வழக்கம் போல வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"வித்துட்டுப் போ. மெஷின் இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நாளாவது யோசிச்சியா நீ?"

"யோசிச்சேன்" என்றான் அண்ணன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, உதட்டசைவைப் பார்த்திருக்க வழியே இல்லை. மெல்லத் திரும்பினான். என்னைவிட அவன்தான் அதிகமாக மிரண்டிருந்தான். கையைக் காதருகே கொண்டுபோய், தொடாமலே இறக்கிக்கொண்டான்.

"இப்போ நீ பேசினது மெதுவாத்தானே?" என்றான். அவன் குரலும் இறங்கியிருந்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, அதை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் அப்பாவின் குரல் மாதிரி இருந்தது.

"ஆமா."

"வெளியில எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து விழுது. எது பேச்சுன்னே பிடிபடறதில்ல. இங்க நீ பேசறது மட்டும் தனியா வருது." ஒரு அடி கிட்டே வந்து, "இன்னும் எதாவது பேசு" என்றான்.

காலமெல்லாம் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு பேசியவளுக்கு, நேரே நின்று சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கடைசியில், அண்ணிகூடப் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு மெதுவாக, "மெஷினை விக்காதேண்ணா" என்றேன்.

"சரி" என்றான்.

மைக்கோடு வந்த ஸ்டூடியோக்காரர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்துகொண்டோம். காலையில் அண்ணி வைத்த மீன் குழம்பில் புளி தூக்கலாக இருந்ததைப் பற்றி அண்ணன் ஆரம்பித்தான். நான் அண்ணிக்குப் பரிந்து பேசினேன். இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை.